உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு, தூக்கம் மட்டும் வரலை

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை. எங்கள் புராஜெக்ட்டில் பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதுக்கு மாறும் வேலை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபீஸுக்குள் போனவன், சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குத்தான் வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழற்றக் குனிய முடியலை, அப்படியே சோபாவில் சாய்ஞ்சுட்டேன். "நாளைக்குக் காலையில்தான் எழுந்திருப்பேன், யாரும் எழுப்பாதீங்க"ன்னு மனைவிகிட்ட சொல்லிட்டுப் படுத்தேன்.

தூக்கம் வரலை. கால் இரண்டும் மூட்டை மாதிரி கனக்குது, கண் எரியுது, ஆனா மண்டைக்குள்ள மட்டும் யாரோ லாக் ஃபைலை ஓட்டிக்கிட்டே இருக்காங்க. சாயந்திரம் ஒரு மணி நேரம் கண் அசந்தேன். ராத்திரி ஒன்பதுக்கு மறுபடி படுத்தேன். ஃபேன் சத்தம், எதிர் வீட்டு நாய், அப்புறம் நாலரை மணிக்கு வாசலில் பால் பாக்கெட் விழும் சத்தம். எல்லாத்தையும் கேட்டேன்.

ஒரு நாள் கூத்துன்னு நினைச்சேன். ஏழு மாசம் ஓடுச்சு.

அந்த ஏழு மாசத்தில் வேலையில் நான் பண்ணின தப்புகளைக் கூட மன்னிச்சுக்கலாம். எங்க பொண்ணு (அப்போ எட்டு வயசு) போன்ல பாட்டிகிட்ட, "அப்பா எப்பவும் கோவமாவே இருக்காரு, நான் அவர்கிட்ட போறதே இல்ல"ன்னு சொன்னதைப் பக்கத்து ரூமிலிருந்து கேட்டேன். அன்னிக்குத்தான் இதை ஒழுங்காப் படிச்சுப் புரிஞ்சுக்கணும்னு உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர் ஆள். படிச்சதையும் என் மேல் செய்து பார்த்ததையும் எழுதுறேன், அவ்வளவுதான்.

முதல் குழப்பம் சொல்லிலேயே இருக்கு. "நல்லா அலைஞ்சு திரிஞ்சு வேலை பார்த்தா தூக்கம் தானா வரும்"னு அம்மா சொல்வாங்க. பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாதுன்னு பழமொழியே இருக்கு. இதுக்கெல்லாம் அடியில் ஒரு எண்ணம்: களைப்பு கூடினால் தூக்கம் கூடும். ஆனா தமிழில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கு பாருங்க. களைப்பு, அசதி, சோர்வு எல்லாம் ஒரு பக்கம். கண் சொக்குது, தூங்கி வழியுறான், பஸ்ஸில் சாமியாடுறான், இதெல்லாம் இன்னொரு பக்கம். முன்னது உடம்பில் தெம்பு இல்லை என்பதைச் சொல்லுது. பின்னது, விட்டால் இப்பவே தூங்கிடுவான் என்பதைச் சொல்லுது. நான் ஏழு மாசமும் முதல் பக்கத்தில்தான் இருந்தேன். ஒரு நாள் கூட மீட்டிங்கில் சாமியாடினது இல்லை. அந்த வித்தியாசம் எவ்வளவு முக்கியம்னு அப்போ தெரியலை.

இதை அளக்க ஒரு சோதனை இருக்கு. 1970களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடனும் வில்லியம் டிமென்ட்டும் உருவாக்கியது. பகல் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நாலைந்து முறை, ஒருத்தரை இருட்டு அறையில் படுக்கவைத்து, "தூங்கிப் பாருங்க"ன்னு சொல்லி, எத்தனை நிமிஷத்தில் தூங்குறார்னு மூளை அலைகளை வைத்து அளப்பாங்க. ராத்திரி தூக்கத்தைப் பறிகொடுத்த சாதாரண ஆள் சில நிமிஷத்திலேயே விழுந்துடுவார். தூக்கமின்மை உள்ளவரைப் படுக்கவைத்தால், ராத்திரி அவ்வளவு குறைவாகத் தூங்கியும், நன்றாகத் தூங்கும் ஆள் எடுக்கும் நேரத்தையோ அதைவிட அதிகத்தையோ எடுத்துக்கிறார். களைச்சுப்போய் இருக்கார், ஆனா பகலிலும் தூங்க முடியலை.

சரி, தூக்கம் எப்படி வருது? 1982ல் சூரிச்சில் அலெக்சாண்டர் போர்பேய் என்ற ஆய்வாளர் ஒரு மாதிரியைச் சொன்னார். இன்னிக்கு வரைக்கும் எல்லோரும் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறாங்க. இரண்டு விசைகள். ஒண்ணு, முழிச்சிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஏறிக்கிட்டே போகும் தூக்க அழுத்தம். மூளை செல்கள் சக்தியைச் செலவழிக்கும்போது அடினோசின் என்ற பொருள் சேருது, அது இந்த அழுத்தத்தில் பெரிய பங்கு. காபி என்ன செய்யுதுன்னா, அடினோசின் போய் உட்காரவேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துக்குது. அழுத்தம் குறையலை, அது தெரியாமல் மறையுது. குடிச்ச கஃபீனில் பாதி ரத்தத்தை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஒரு டம்ளர் டிகிரி காபி குடிச்சால், ராத்திரி பத்து மணிக்கு அரை டம்ளர் இன்னும் உள்ளே வேலை பார்த்துக்கிட்டு இருக்குன்னு வச்சுக்கலாம்.

இரண்டாவது விசை, மூளைக்குள் இருக்கும் கடிகாரம். கண் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள். வெளிச்சத்தைப் பார்த்து நேரம் வச்சுக்கும். இந்தக் கடிகாரம் ராத்திரிக்கு மட்டும் இல்லை, பகலுக்கும் வேலை செய்யுது. காலையிலிருந்து ஏறிவரும் தூக்க அழுத்தத்துக்கு எதிராக நம்மை நிமிர்த்திப் பிடிச்சு வைக்குது. அந்தப் பிடி எப்போ ரொம்ப இறுக்கமா இருக்கும் தெரியுமா? வழக்கமாகத் தூங்கப் போகும் நேரத்துக்கு இரண்டு மூணு மணி நேரம் முன்னாடி.

இதைக் காட்டியவர் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் இருந்த பெரெட்ஸ் லவீ. 1986ல் அவர் வெளியிட்ட ஆய்வு கொஞ்சம் கொடூரமானது. ஆட்களை ஏழு நிமிஷம் படுக்கவைப்பார், பதிமூணு நிமிஷம் எழுப்பி உட்காரவைப்பார், திரும்ப ஏழு நிமிஷம் படுக்கை, இப்படியே இருபத்தினாலு மணி நேரம். அதுவும் முந்தின ராத்திரி தூங்கவிடாமல் வச்சு. அப்படி இருந்தும் முன்னிரவில், ஏறக்குறைய எட்டு மணிக்கும் பத்துக்கும் நடுவில், பலருக்குத் தூக்கமே பிடிக்கலை. அதுக்கு அப்புறம் கதவு திறந்த மாதிரி சட்டுன்னு தூக்கம். அந்த முன்னிரவு நேரத்துக்கு அவர் வச்ச பேர், தூக்கத்துக்குத் தடை செய்யப்பட்ட பகுதி.

இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இன்னிக்காவது சீக்கிரம் படுத்து விட்டதைப் பிடிக்கணும்"னு நான் தினமும் ஒன்பது மணிக்குப் படுத்தேன். பூட்டின கடை வாசலில் போய் நின்னுக்கிட்டு, கடைக்காரன் ஏன் சரக்கு தரலைன்னு கவலைப்பட்டிருக்கேன்.

ஆனா இந்த இரண்டு விசையும் சேர்ந்தும் என் கதையை முழுசா விளக்காது. விடிகாலை மூணு மணிக்குக் கடிகாரமும் தூங்குன்னுதான் சொல்லுது, அழுத்தமும் நிறைய இருக்கு. அப்பவும் ஏன் முழிப்பு?

இங்கேதான் மூணாவது ஆள் வர்றான். 1917 வாக்கில் ஐரோப்பாவில் ஒரு விசித்திரமான மூளைக் காய்ச்சல் பரவியது. பெரும்பாலானவர்கள் நாள்கணக்கில் தூங்கினாங்க, சிலர் தூங்கவே முடியாமல் தவிச்சாங்க. வியன்னாவில் கான்ஸ்டன்டின் ஃபான் எகோனோமோ இறந்தவர்களின் மூளையைப் பரிசோதிச்சு, ஹைப்போதலாமஸின் பின்பகுதி கெட்டிருந்தால் ஓயாத தூக்கம், முன்பகுதி கெட்டிருந்தால் தூக்கமின்மைன்னு கண்டுபிடிச்சார். ஸ்கேன் எதுவும் இல்லாத காலம். முன்னாடி தூக்கத்துக்கு ஒரு ஸ்விட்ச், பின்னாடி விழிப்புக்கு ஒரு ஸ்விட்ச்.

பல பத்தாண்டுகள் கழிச்சு ஹார்வர்டில் கிளிஃபோர்டு சேப்பர் குழுவினர் அந்த இரண்டு பகுதிகளும் ஒண்ணை ஒண்ணு அமுக்கிக்கிட்டே இருக்குன்னு காட்டினாங்க. அவர்கள் அதுக்குச் சொன்ன பேர் ஃப்ளிப்-ஃப்ளாப். பி.இ. படிக்கும்போது டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் பேப்பரில் மனப்பாடம் பண்ணி மறந்துபோன அதே ஃப்ளிப்-ஃப்ளாப்! ஒரு பக்கம் ஜெயிச்சால் மறுபக்கம் முழுசா அணைஞ்சுடும், நடுவில் நிற்காது. இந்த ஸ்விட்ச் விழிப்பிலேயே நிலையா நிற்க விரல் வச்சு அழுத்திப் பிடிக்கும் பொருள் ஓரெக்சின். 1998ல் கண்டுபிடிச்சாங்க. அந்தச் செல்கள் அழிஞ்சு போனவர்களுக்கு நார்கோலெப்சி, அதாவது பேசிக்கிட்டே இருக்கும்போது தூங்கி விழும் நோய் வருது.

விரலை அழுத்தச் சொல்லி உத்தரவு எங்கிருந்தெல்லாம் வரும்? பசி, பயம், கோபம், கவலை. காட்டில் புலி உறுமும்போது எவ்வளவு களைப்பா இருந்தாலும் தூக்கம் வரக்கூடாது, வந்தவன் வம்சம் நம்ம வரைக்கும் வந்து சேர்ந்திருக்காது. மூளைக்குப் புலிக்கும் "நாளைக்குக் காலையில் கிளையன்ட் கால்"க்கும் வித்தியாசம் தெரியாது. கொஞ்ச நாள் போனால், "இன்னிக்கும் தூக்கம் வராதோ" என்ற பயமே புலி ஆகிடும்.

இந்த இடத்தில் நான் படிச்சதிலேயே என்னை அதிகம் உலுக்கினது, அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் மைக்கேல் பானட், டோனா அராண்ட் என்ற இருவர் 1990களின் நடுவில் செய்த ஆய்வுகள். முதலில் தூக்கமின்மை உள்ளவர்களின் உடம்பு எவ்வளவு ஆக்சிஜன் எரிக்குதுன்னு அளந்தாங்க. நல்லாத் தூங்குறவங்களைவிட ராத்திரியிலும் அதிகம், பகலிலும் அதிகம். சிக்னலில் நிக்கும்போதும் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கிட்டே இருக்கும் பைக் மாதிரி.

அடுத்து ஒரு புத்திசாலித்தனமான காரியம் பண்ணினாங்க. நல்லாத் தூங்கும் ஆட்களைக் கூட்டிவந்து, தூக்கமின்மை உள்ள ஒருத்தர் எப்படித் தூங்கினாரோ அதே மாதிரி, அவர் முழிச்ச அளவுக்கு இவரையும் எழுப்பி எழுப்பி, ஒரு வாரம் அந்தக் கெட்ட தூக்கத்தை அப்படியே கொடுத்தாங்க. நம்ம களைப்புக்கும் எரிச்சலுக்கும் காரணம் தூக்கம் கெட்டதுதான் என்றால், இவங்களும் நம்மை மாதிரியே ஆகியிருக்கணும் இல்லையா? ஆகலை. அவங்க பகலில் தூங்கி வழிஞ்சாங்க. உடம்புச் சூடு குறைஞ்சது. பதற்றம், முறுக்கேறின உடம்பு, பகலில் படுத்தாலும் தூக்கம் வராத அந்த நிலை, அதெல்லாம் வரலை.

அப்போ என்ன அர்த்தம்? தூங்காததால்தான் இவ்வளவு களைப்புன்னு நான் நினைச்சிருந்தேன். இந்த ஆய்வு வேற மாதிரி சொல்லுது: இருபத்தினாலு மணி நேரமும் முறுக்கிக்கிட்டே இருக்கும் எஞ்சின்தான் பகலில் களைப்பையும் கொடுக்குது, ராத்திரி தூக்கத்தையும் கெடுக்குது. இரண்டும் ஒரே வேரிலிருந்து வருது. அப்படின்னா, இன்னும் களைச்சா தூக்கம் வந்துடும்னு ராத்திரி எட்டு மணிக்கு ஜிம்முக்குப் போய் உடம்பை வருத்தினது (ஆமாம், செய்தேன்) எப்படி உதவும்?

அடுத்த கேள்வி: புராஜெக்ட் முடிஞ்சு இரண்டாவது மாசமே எல்லாம் அமைதி. புலி போயாச்சு. தூக்கம் ஏன் திரும்பலை? ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் இதுக்கு மூணு அடுக்கா விடை சொன்னார். உடம்புவாகு முதல் அடுக்கு. கிளப்பிவிடும் சம்பவம் இரண்டாவது. மூணாவது, சம்பவம் போன பிறகும் நோயைத் தாங்கிப் பிடிக்கும் நம் பழக்கங்கள். எங்கள் தொழிலில் இதை நிறையப் பார்க்கலாம். ஒரு பக்குக்கு அவசரமா ஒரு ஒட்டுப்போடுவோம். பக்கைச் சரிபண்ணின பிறகு ஒட்டை எடுக்க மறந்துடுவோம். ஆறு மாசம் கழிச்சு சிஸ்டம் விழும், பார்த்தால் அந்த ஒட்டுதான் காரணம்.

என் ஒட்டுகள்: ஒன்பது மணிக்கே படுப்பது. ஞாயிற்றுக்கிழமை எட்டரை வரை புரளுவது. மத்தியானம் "சும்மா கண்ணை மூடி" ஒரு மணி நேரம். தாங்கணுமேன்னு சாயந்திரம் இரண்டு காபி. மணி பார்த்து, "இப்போ தூங்கினால்கூட நாலு மணி நேரம் கிடைக்கும்"னு கணக்குப் போடுவது. இது போதாதுன்னு தூக்கத்துக்கு மார்க் போடும் கைப்பட்டை ஒண்ணு வாங்கினேன். காலையில் 48 மார்க்குன்னு காட்டும், அன்னிக்கு முழுக்கப் பரீட்சையில் ஃபெயிலான பையன் மாதிரி இருப்பேன். 2017ல் சில ஆய்வாளர்கள் இந்த மார்க் வியாதிக்கு ஆர்த்தோசோம்னியான்னு பேரே வச்சுட்டாங்க.

இதெல்லாம் சேர்ந்து கட்டிலுக்கு ஒரு புது அர்த்தத்தைக் கொடுத்துடுது. சோபாவில் டிவி பார்த்துக்கிட்டே கண் சொக்கும். எழுந்து போய்க் கட்டிலில் படுத்தால் பளிச்சுன்னு முழிப்பு. ஒரு தடவை மதுரைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில், சைடு அப்பர் பெர்த்தில், காலைக்கூட நீட்ட முடியாத இடத்தில், விழுப்புரம் தாண்டினது தெரியாமல் தூங்கினேன். வீட்டு மெத்தையில் வராத தூக்கம்! மணி அடிச்சதும் எச்சில் ஊறின பாவ்லவ் நாய்க்கும் எனக்கும் ஒரே கதைதான். கட்டிலைப் பார்த்ததும் என் மூளை போருக்குத் தயாராயிடுது.

சிகிச்சை இருக்கு. மாத்திரையைச் சொல்லலை, அது பத்து நாள் எனக்கும் கொடுத்தாங்க, நிறுத்தினதும் பழைய குருடி கதவைத் திறடி. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைச் சொல்றேன். 2016ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னாடி முதலில் இதைத்தான் கொடுக்கணும்னு பரிந்துரைச்சது. இதில் இரண்டு பகுதிகள் முக்கியம். ரிச்சர்டு பூட்ஸின் 1972ல் சொன்னது: கண் சொக்கினால் மட்டும் கட்டிலுக்குப் போ, கால் மணி நேரம் மாதிரி தோணியும் தூக்கம் வரலைன்னா எழுந்து வேற அறைக்குப் போ, எப்படித் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுந்திரு. ஸ்பீல்மன் 1987ல் சொன்னது இன்னும் விபரீதமாத் தெரியும்: தூங்காதவனுக்கு மருந்து, படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது.

முதலில் பதினாலு நாள் நோட்டில் எழுதினேன். கைப்பட்டையைக் கழற்றிப் பீரோவில் போட்டாச்சு. சராசரியாகப் படுக்கையில் 9 மணி 20 நிமிஷம். தூங்கினது 5 மணி 10 நிமிஷம். வகுத்தால் 55 சதவீதம். நல்லாத் தூங்குறவங்களுக்கு 85க்கு மேல் வரும். ஒரு தூக்க மருத்துவரைப் பார்த்து, குறட்டையும் மூச்சுத்திணறலும் இல்லைன்னு உறுதிபண்ணிக்கிட்டு, தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் சோதிச்சுப் பார்த்த பிறகு, அவர் போட்டுக்கொடுத்த கணக்கு: ராத்திரி 12.30 முதல் காலை 6 வரை. அஞ்சரை மணி நேரம்தான். முன்னாடியும் படுக்கக்கூடாது, பின்னாடியும் புரளக்கூடாது, பகல் தூக்கம் கிடையாது.

முதல் வாரம் நரகம். பத்தரைக்கே வீடு அடங்கிடும், நான் ஹாலில் தனியா. துணி மடிச்சேன், பழைய ஸ்க்ரூக்களை அளவு வாரியாப் பிரிச்சேன். காலை ஆறு மணி அலாரம் அடிக்கும்போது அந்த மருத்துவரைத் திட்டாத நாள் இல்லை. பைக்கை எடுக்கலை, மெட்ரோவும் பஸ்ஸும்தான். ஆறாவது நாள் மத்தியானம் மீட்டிங்கில் தலை தொங்கி, நாடி நெஞ்சில் இடிச்சு முழிச்சேன். ஏழு மாசத்தில் முதல் முறையாச் சாமியாடினேன்! பக்கத்தில் இருந்தவர் சங்கடமாப் பார்த்தார், எனக்குச் சந்தோஷம் தாங்கலை. களைப்பு பக்கத்திலிருந்து தூக்கத்தின் பக்கம் வந்துட்டேன். அழுத்தம் ஏறி ஏறி, ஓரெக்சின் விரலைத் தள்ளும் அளவுக்கு வந்துடுச்சு. அன்னிக்கு ராத்திரி 12.30க்குப் படுத்தது தெரியும், அடுத்தது அலாரம்தான்.

அப்புறம் சதவீதம் 85ஐத் தாண்டின வாரம் 15 நிமிஷம் கூட்டணும், தாண்டாத வாரம் கூட்டக்கூடாது. 12.30லிருந்து 11.15க்கு வர எனக்கு ஒன்பது வாரம் ஆச்சு. இரண்டு இடத்தில் வழுக்கினேன், ஒண்ணு தீபாவளி, இன்னொண்ணு மாமனார் வீட்டு விசேஷம்.

ஒரு எச்சரிக்கை. வலிப்பு நோய் உள்ளவங்க, இருமுனை மனநோய் உள்ளவங்க, லாரி, பஸ், பெரிய மெஷின் ஓட்டுறவங்க தூக்க நேரத்தைக் குறைக்கும் இந்த வேலையைத் தானா ஆரம்பிக்கவே கூடாது. தூக்கம் குறைஞ்சால் வலிப்பும் மனஎழுச்சியும் கிளம்பும். அதே மாதிரி, பகலில் களைப்பா மட்டும் இல்லாமல் நிஜமாவே தூங்கி வழியுறீங்க, வீட்டில் குறட்டைன்னு புகார் இருக்குன்னா, உங்க பிரச்சினை நான் எழுதினது இல்லாமல் தூக்க மூச்சுத்தடையா இருக்கலாம். அதுக்கு வேற சோதனை, வேற வைத்தியம். மனச்சோர்விலும் இதே களைப்பு வரும். முதலில் மருத்துவரைப் பாருங்க.

போன மாசம் மறுபடி ஒரு ரிலீஸ். இரண்டு ராத்திரி தூக்கம் போச்சு. மூணாவது நாள் ஒன்பது மணிக்குக் கண்ணெல்லாம் எரிஞ்சது, படுத்துடலாமான்னு கை கால் கெஞ்சுச்சு. படுக்கலை. பொண்ணு மறுநாள் அறிவியல் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருந்தா. "அப்பா, நரம்பு மண்டலம் கேள்வி கேளு"ன்னு புத்தகத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தா. பத்தரை வரைக்கும் கேட்டேன். அவ போன பிறகு ஸ்க்ரூ டப்பாவை எடுத்தேன், 11.15க்கு விளக்கை அணைச்சேன்.